ஒற்றை வாரத்துச் சங்கிலி

மலைகளுக்கு நடுவே நீளும் கடற்கழியான ஃபியோர்டுக்கு அடியில் சுரங்கச்சாலை திறந்த அன்று, கார்களை ஏற்றிச் செல்லும் படகு கடைசியாக ஒருமுறை அக்கரை போய்த் திரும்பியது. அந்தப் படகின் சமையலறையில் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்த ஹால்டிஸ், மிஞ்சிய வாஃபிள் மாவைக் கடலில் கொட்டினாள். வாஃபிள் அப்பம் சுடும் இரும்பு அச்சைத் துடைத்துக் கவிழ்த்தாள். ஏப்ரனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். வடக்கே இன்னொரு படகில் இடம் காலியிருக்கிறது என்று கேப்டன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

"அங்க போய் யாருக்குக் காப்பி ஊத்தறது? முகம் தெரியாதவனுக்கா?" என்றாள் ஹால்டிஸ்.

அறுபதை எட்டியிருந்தாள். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. அக்கரையிலிருந்து மரம் ஏற்றி வரும் லாரிக்காரன் ஒருவன் ஒரு கோடை முழுக்க அவளிடம் வாஃபிள் வாங்கித் தின்றான். நாளுக்கு நாள் பேச்சும் நீண்டது. இலையுதிர் காலத்தில் அவன் கம்பெனி வேறு தடத்துக்கு லாரியை மாற்றிவிட்டது. அதோடு சரி. அதை நினைத்து அவள் ஏங்கியதும் இல்லை, மறந்ததும் இல்லை.

தாய்மாமன் விட்டுப்போன வீடு ஒன்று பிராட்லி மேட்டில் பூட்டிக் கிடந்தது. அங்கே போய்க் குடியேறினாள். மேட்டில் மொத்தமே இரண்டு வீடுகள்தான். பெரிய சாலையிலிருந்து பிரியும் தனிப்பாதை செங்குத்தாக ஏறி, முதலில் தூர்மூட்டின் முற்றத்துக்குள் நுழையும். ஒரு பக்கம் அவர் வீடு, மறுபக்கம் கல் சுவர் வைத்த ஆட்டுக்கொட்டில். முற்றத்தைக் கடந்து ஒரு வளைவு வளைந்து, இன்னும் செங்குத்தாக ஏறினால் ஹால்டிஸின் வாசல். அவளுக்கு வேறு வழி கிடையாது. தூர்மூட்டுக்கு வேறு அண்டைவீடு கிடையாது.

தூர்மூட்டுக்கு எழுபது தாண்டியிருந்தது. மனைவி யோருன் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் ரன்வெய்க் பெர்கன் நகரத்தில் பல் மருத்துவர். இருபது முப்பது ஆடுகளும், எல்லாவற்றையும் பற்றி ஓர் அபிப்பிராயமும் அவரிடம் இருந்தன. ஹால்டிஸ் குடிவந்த முதல் வாரத்தில் ஒரு பக்கெட் உருளைக்கிழங்கோடு ஏறி வந்தார்.

"படகுல நீ போட்ட இறைச்சி உருண்டையை நான் சாப்பிட்டிருக்கேன்" என்றார்.

"எப்படி இருந்துச்சு?"

"பசி அடங்குச்சு."

இப்படித்தான் அவர்கள் பழக்கம் ஆரம்பித்தது.

முதல் குளிர்காலத்தில் ஹால்டிஸ் பனியில் தள்ளிக்கொண்டு போகும் சறுக்கு வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினாள். தூர்மூட் கையால் தள்ளிக்கொண்டு போகும் பழைய பனி ஊதும் இயந்திரத்தால் வழி திறந்தார். கிறிஸ்துமஸுக்கு முன்பே அது புகை கக்கிச் செத்தது. பிறகு இருவரும் மண்வாரிதான். ஜனவரி முடிவதற்குள் இருவர் இடுப்பும் ஒடிந்துவிட்டது. கோடையில் ஒருநாள் வேலியோரம் நின்று பேசி, பாதிக்குப் பாதி போட்டு ஒரு சின்ன டிராக்டர் வாங்குவதென்று முடிவானது. பெரிய டிராக்டர் அந்த வளைவில் திரும்பாது.

கூட்டுறவுக் கடையில் இயந்திரம் விற்கும் ரெய்டார் அவர்களை மேலும் கீழும் பார்த்தான்.

"பாதிக்குப் பாதியா? எந்தப் பாதி யாரோடது?"

"ஸ்டியரிங் இருக்கிற பாதி என்னோடது" என்றார் தூர்மூட்.

"டீசல் டாங்க் என் பக்கம்தான் இருக்கு. பாத்து ஓட்டு" என்றாள் ஹால்டிஸ்.

ரெய்டார் சிரித்து முடித்து, "பனியில வழுக்காம இருக்க டயருக்குச் சங்கிலி?" என்று கேட்டான்.

"வேணும்" என்றாள் அவள். "வேண்டாம்" என்றார் அவர். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இது. சங்கிலி எதுக்கு? எங்கப்பன் குதிரையை வெச்சே இந்த மேட்டுல ஏறினான். குதிரைக்குச் சங்கிலியா கட்டினான்?"

"லாடத்துல ஆணி அடிச்சிருப்பான். குதிரையைக் கேட்டுப் பாரு."

தூர்மூட் குதிரையைக் கேட்கவில்லை. ஹால்டிஸ் தன் கைக்காசில் சங்கிலி வாங்கினாள். ஆகவே டிராக்டர் இருவருக்கும் பொது, சங்கிலி அவளுக்கு மட்டும். குளிர்காலத்து வாரங்களையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அங்கே எல்லோரும் வருடத்தின் வாரங்களை எண் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள். இரட்டைப்படை வாரங்களில் பனி தள்ளுவது தூர்மூட்டின் வேலை, ஒற்றைப்படை வாரங்களில் ஹால்டிஸின் வேலை.

அவள் முதலில் வாங்கிய சங்கிலி ஏணி மாதிரி இருந்தது. இரண்டு நீளச் சங்கிலிகள், நடுவே குறுக்குச் சங்கிலிகள். டிராக்டரின் பின்டயரிலோ ரப்பர்ப் பட்டைகள் பெரிது பெரிதாய்த் துருத்திக்கொண்டிருக்கும், பட்டைக்குப் பட்டை ஆழமான பள்ளம். குறுக்குச் சங்கிலிகள் அந்தப் பள்ளங்களில் போய் வசதியாக உட்கார்ந்துகொண்டன. தரையைத் தொட்டது ரப்பர்தான். சங்கிலி கட்டியும் வண்டி வளைவில் நின்று சுற்றியது. கீழே முற்றத்தில் நின்று வேடிக்கை பார்த்த தூர்மூட், "நகை போட்டா ஆட்டம் வந்துடுமா?" என்று கத்தினார்.

ரெய்டாரிடம் கொண்டுபோய் மாற்றி, வலைபோல் பின்னிய, ஒவ்வொரு கண்ணியிலும் குமிழ் வைத்த சங்கிலியாக வாங்கி வந்தாள். அது பள்ளத்தில் விழாது. ஆனால் தூக்குவதற்குள் மூச்சு வாங்கும். கட்டுகிற வித்தை கைக்கு வர ஒரு மாதம் ஆனது. முறுக்கு எடுத்து டயருக்கு முன்னால் விரிக்க வேண்டும். வண்டியை அதன்மேல் கொஞ்சம் ஏற்ற வேண்டும். பின்முனையைத் தூக்கி டயரின் தலைமேல் போட்டு, முதலில் கை எட்டாத உள்பக்கக் கொக்கி, அப்புறம் வெளிப்பக்கக் கொக்கி. பிறகு வண்டியைக் கொஞ்ச தூரம் உருட்டி, இறங்கி, மறுபடி இறுக்க வேண்டும். முதல் தடவை அந்த இரண்டாவது இறுக்கலை அவள் விட்டுவிட்டாள். அவிழ்ந்த முனை மட்கார்டில் படபடவென்று அறைந்து பின்விளக்கை உடைத்துப்போட்டது. முன்சக்கரங்களுக்கும் கட்டலாமா என்று பார்த்தாள். ஸ்டியரிங்கை ஒடித்தால் சங்கிலி வண்டியின் உடம்பில் உரசும், இடம் பற்றாது. பின்சக்கரம் போதும் என்று விட்டுவிட்டாள்.

அவள் வாரம் முடிகிற ஞாயிறு மாலை சங்கிலியைக் கழற்றிக் கொட்டிலில் மாட்டுவாள். தூர்மூட் தன் வாரத்தில் வெறும் டயரில் ஓட்டுவார். அடுத்த திங்கள் அவள் மறுபடி கட்டுவாள். தபால் கொண்டுவரும் பெண் இதைக் கிராமம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கடைக்குப் போனால், "இது சங்கிலி வாரமா, சும்மா வாரமா?" என்று ஹால்டிஸிடம் கேட்காத ஆள் இல்லை.

சண்டை என்று சொல்லும்படியாக ஒன்று வந்தது இரண்டாவது குளிர்காலத்தில். ஒரு மார்ச் மாதத் திங்கள்கிழமை அவள் சங்கிலி கட்டிய டிராக்டரில் இறங்கிவர, தூர்மூட் முற்றத்தின் நடுவே கையை விரித்துக்கொண்டு நின்றார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இறங்கு. இறங்கி வந்து பாரு."

இறங்கிப் பார்த்தாள். மேட்டுப்பாதை முழுக்கச் சரளைதான். அவர் முற்றமும், முற்றத்திலிருந்து பெரிய சாலை வரைக்குமான துண்டும் மட்டும் தார். பனி உருகிய இடத்தில் அந்தத் தாரின்மேல் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள், பூனை பிறாண்டிய சோபா மாதிரி.

"தார்ல கீறல் விழத்தான் செய்யும். ரோடுதானே?" என்றாள்.

"ரோடு இல்ல. யோருனுக்காகப் போட்டது."

அவள் குனிந்து ஒரு கீறலைத் தொட்டுப் பார்த்தாள். அவரே தொடர்ந்தார்.

"அவளுக்குக் காலு போச்சு. சக்கர நாற்காலியில உக்காந்தா. சக்கரம் சரளையில புதையும், வாசலைத் தாண்ட முடியாது. பெரிய சாலைக்குத் தார் போட வந்தவங்களைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்து இதைப் போட வெச்சேன். அந்த ஒரு கோடைதான். தினமும் தபால்பெட்டி வரைக்கும் அவளே உருட்டிட்டுப் போயிட்டு வருவா. ஒரு கை போதும்னு சொல்லுவா, பெருமையா."

"இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"நீ கேட்டியா?"

கேட்கவில்லைதான். அன்று சாயங்காலம் ஹால்டிஸ் ஒரு தட்டில் வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். மன்னிப்பு என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு ஏற்பாடு மட்டும் ஆனது. தார் இருக்கிற இடத்தில் டிராக்டரின் முன்னால் பனி தள்ளும் பிளேடை அவள் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் தள்ள வேண்டும். ஒரு விரல் கனத்துக்குப் பனியை விட்டுவைத்தால் சங்கிலி அதைத்தான் கடிக்கும், தாரைத் தொடாது. "அதுவும் நல்லதுதான். வெள்ளையா இருக்கும்" என்றார் தூர்மூட். அவர் ஜன்னலருகே நின்று காப்பி குடித்தபடி அவள் தூக்குகிறாளா இல்லையா என்று பார்ப்பதும் அன்று முதல் வழக்கமானது.

ஏற்பாடு அடுத்த வருடமும் ஓடியது. அதற்கும் அடுத்த ஜனவரியில்தான் கெட்டது.

அந்த ஜனவரி மூன்றாவது வாரம் ஹால்டிஸுடையது. நல்ல பனி. வழக்கம்போல் தாரின்மேல் ஒரு விரல் விட்டுத் தள்ளினாள். வாரக்கடைசியில் தென்மேற்கிலிருந்து காற்று திரும்பி மழை கொட்டியது. விட்டுவைத்த பனி மழையைக் குடித்துக் கூழானது. ஞாயிறு இரவு வானம் வெளுத்து, எல்லாம் உறைந்தது. காலையில் மேட்டின் உச்சியிலிருந்து பெரிய சாலை வரைக்கும் ஒரே கண்ணாடி. சரளைப் பகுதியிலாவது அங்கங்கே கல் தலைநீட்டியது, தாரின்மேல் அதுவும் இல்லை. அதன்மேல் விடிகாலையில் மாவு கொட்டியதுபோல் புதுப்பனி விழுந்து கண்ணாடியை மூடி மறைத்தது.

ஹால்டிஸ் தொலைபேசியை எடுத்தாள்.

"தூர்மூட், அடியில பூரா ஐஸ். நான் வந்து சங்கிலி மாட்டித் தரட்டா?"

"இது எத்தனையாவது வாரம்?"

"நாலு."

"நாலு ஒற்றையா இரட்டையா?"

"அட, விளையாடாத. நெசமாத்தான் சொல்றேன்."

"நானும் நெசமாத்தான் கேக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் அடுப்புக்குக் கட்டை போட்டாள். டிராக்டர் கிளம்பும் சத்தம் கீழே கேட்டது. வளைவு வரைக்கும் ஏறும் சத்தம். கொஞ்சம் நின்றது. பிறகு சத்தம் இடம் மாறிவிட்டது. இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் வழியில் இல்லை. ஆட்டுக்கொட்டில் பக்கம், ஓடக்கூடாத இடத்தில் ஓடியது. ஹால்டிஸ் பூட்ஸுக்கு ஆணிப்பட்டையை மாட்டிக்கொண்டு, பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து, நண்டுபோல் இறங்கினாள்.

நடந்தது இதுதான். வளைவில் பிளேடில் பனி சேர்ந்து, வண்டி ஏற முடியாமல் நின்றுவிட்டது. நின்றது பின்னோக்கி நழுவத் தொடங்கியது. தூர்மூட் பிரேக்கை மிதித்தார். சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. பூட்டிய சக்கரம் ஐஸில் சறுக்குக்கட்டைக்குச் சமம். டிராக்டர் முற்றத்துக்குள் வழுக்கி, பாதி திரும்பி, கொட்டிலின் கல் சுவரில் பிருஷ்டத்தை மோதி நின்றது. பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மோதுவதற்கு முன் அவர் குதித்துவிட்டார்.

முற்றத்தின் நடுவில் மல்லாந்து கிடந்தார். வலது கால் முழங்காலுக்கு மேலே திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"குதிச்சுட்டேன்" என்றார்.

"பாத்தாலே தெரியுது. அசையாத."

"குதிக்கக் கூடாதுன்னு ரன்வெய்க்குக்குச் சொல்லிக் குடுத்தவனே நான்தான்."

ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். வீட்டுக்குள் போய் ஆட்டுத்தோல்களையும் கம்பளிகளையும் வாரிக்கொண்டு வந்து, அவரைப் புரட்டாமல் முடிந்தவரை சுற்றிலும் செருகி, மேலே போர்த்தினாள். அவர் முகம் சாம்பலாகியிருந்தது. பல் கிட்டித்தது. ஹெலிகாப்டர் வராது, ஃபியோர்டின்மேல் மூடுபனி என்று திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் பெரிய சாலை வரைக்கும் வந்தது; மேட்டில் திரும்பியதுமே நழுவிப் பள்ளத்தோரம் போய் நின்றது. உள்ளேயிருந்த பெண்ணும் ஆணும் ஸ்ட்ரெச்சரோடு நடந்து ஏறி வருகிறோம் என்றார்கள். ஏறி வந்துவிடலாம். நோயாளியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கண்ணாடியில் எப்படி இறங்குவது?

ஹால்டிஸ் டிராக்டரைப் பார்த்தாள். பின்பக்கம் கொஞ்சம் நசுங்கியிருந்தது. மற்றபடி சேதமில்லை, இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. போய்க் கொட்டிலிலிருந்து சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

டயருக்கு முன்னால் விரித்து வண்டியை ஏற்றப் பார்த்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. தூர்மூட்டின் அடுப்புச் சாம்பல் வாளியைக் கொண்டுவந்து சக்கரத்துக்கடியில் கொட்டினாள். கொஞ்சம் பிடித்தது. சங்கிலியைத் தூக்கித் தலைமேல் போட்டு, சுவருக்கும் டயருக்கும் நடுவே கையை விட்டுத் துழாவினாள். கல்லில் உரசி முட்டித்தோல் கிழிந்தது.

கம்பளிக் குவியலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "உள்பக்கக் கொக்கி முதல்ல."

"தெரியும்."

"கண்ணி ஒண்ணு முறுக்கியிருக்கு. இடப்பக்கம்."

"தூர்மூட், உனக்குக் கால் ஒடிஞ்சிருக்கு. வாயை மூடிக்கிட்டுப் படு."

"கால்தான் ஒடிஞ்சிருக்கு. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

பார்த்தாள். முறுக்கித்தான் இருந்தது. சரிசெய்து மாட்டினாள். அவர் பேசிக்கொண்டிருந்தவரை அவள் வேலை மளமளவென்று நடந்தது. இரண்டாவது சக்கரத்தை முடிக்கும்போது அவர் பேச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. நல்லவேளை, அதற்குள் ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து சேர்ந்து ஊசி போட்டு, காலுக்கு அட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

டிராக்டரின் பின்னால் தீவன மூட்டை ஏற்றும் பெட்டி ஒன்று உண்டு. நெம்புகோலால் ஏற்றி இறக்கலாம். அதன் குறுக்கே ஸ்ட்ரெச்சரை வைத்துப் பட்டையால் கட்டினார்கள். தலைப்பக்கமும் கால்பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பெண் மேட்டைப் பார்த்தாள், டிராக்டரைப் பார்த்தாள்.

"இது இறங்குமா?"

"இறங்கறதுக்கென்ன, எதுவும் இறங்கும். இது நின்னு நின்னு இறங்கும்" என்றாள் ஹால்டிஸ்.

நான்கு சக்கரமும் இழுக்கும்படி போட்டு, ஆக மெதுவான கியரில் விட்டாள். பிரேக்கைத் தொடவில்லை, கிளட்சைத் தொடவில்லை. இஞ்சின் தானாகப் பிடித்துப் பிடித்து விட்டது. அவர் கனமும் பெட்டியின் கனமும் சங்கிலிகளை ஐஸுக்குள் அழுத்தின. இரண்டு பக்கமும் அந்தப் பெண்ணும் ஆணும் ஆணிச்செருப்போடு ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். சங்கிலி ஐஸை நொறுக்கும் சத்தம். நடுவில் ஓரிடத்தில் சத்தம் மாறியது. ஐஸ் பெயர்ந்து குமிழ்கள் தாரைக் கடித்தன. ஹால்டிஸ் தலையைத் திருப்பாமல், "தார்மேல போறேன், தூர்மூட்" என்றாள்.

மருந்து மயக்கத்தில் இருந்தவர், "போ, போ" என்றார். வேறென்னவோ சொன்னார், புரியவில்லை.

ஃபோர்டே நகரத்து ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்தார்கள். ஹால்டிஸ் அவர் ஆடுகளுக்குத் தீவனம் போட்டாள், தண்ணீர் வைத்தாள். இரவில் அவளுக்கு ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு விரல் பனியை விட்டவள் அவள். வழித்திருந்தால் மழை தாரில் ஓடி வடிந்திருக்கும். அவர் சங்கிலி கட்டாதது அவர் பிடிவாதம். ஆனால் வழுக்கிய ஐஸ் யாருடையது?

ஆஸ்பத்திரிக்குப் போனபோது காப்பி ஃபிளாஸ்கைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"முற்றத்துல இருந்த பனி நான் விட்டது. அதுதான் கட்டியாச்சு."

"எனக்குத் தெரியாதா? ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தானே இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? விடச் சொன்னது நான். விட்டது நீ. மழையைக் கொட்டினது வானம். யாரைப் போய்ப் பிடிக்கிறது? காப்பியைக் குடு."

குடித்துவிட்டு, காப்பி தண்ணியாக இருக்கிறது என்றார். அவளுக்கு மனசு லேசாகவில்லை. ஆனால் தூக்கம் வர ஆரம்பித்தது.

ரன்வெய்க் அப்பாவை பெர்கனுக்கு அழைத்துப் போனாள். ஹால்டிஸிடம் தொலைபேசியில், "அப்பா இனிமே அந்த மேட்டுல தனியா இருக்க வேண்டாம்னு பாக்கறேன், ஹால்டிஸ். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"நான் என்ன சொல்றது? அவரைக் கேளு."

"கேட்டா ஆட்டைப் பத்திப் பேசறாரு."

ஏப்ரலில் ஆடுகள் ஈனத் தொடங்கின. ஹால்டிஸுக்கு ஆட்டை வேகவைக்கத் தெரியும், பிரசவம் பார்க்கத் தெரியாது. தொலைபேசியை வைக்கோல்மேல் நிறுத்திவைத்துக்கொண்டு, மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டு, பெர்கனிலிருந்து அவர் சொல்லச் சொல்லச் செய்தாள்.

"ரெண்டு காலு கிடைக்குதா?"

"ஒண்ணுதான் கிடைக்குது."

"இன்னொண்ணு மடங்கியிருக்கு. உள்ள தள்ளு, அப்புறம் இழு. தள்ளாம இழுக்காத. அட, அவசரப்படாதம்மா!"

"யாரு அவசரப்படறது? நீதான் கத்தறே."

இரண்டு குட்டிகள் தவறிப்போயின. மற்றதெல்லாம் எழுந்து நின்றன. மே மாதக் கடைசியில் தூர்மூட், நான்காவது மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கி, பஸ் பிடித்துத் தானே வந்து சேர்ந்துவிட்டார். ரன்வெய்க் இரண்டு நாள் கழித்துக் காரில் அவர் சாமானைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது. பெட்டியில் அப்பாவுக்குப் பிடித்த உப்பிட்ட ஹெர்ரிங் மீனும் இருந்தது.

அவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு தாரின்மேல் நடக்கப் பழகினார். ஆடுகளை இலையுதிர் காலத்தில் விற்றார். டிராக்டரில் ஏறுவது இனி நடவாது என்பதை அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அக்டோபரில் முதல் உறைபனி விழுந்த காலை, அவள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கும்போது கொட்டில் வாசலில் வந்து நின்றார்.

"இந்த வருஷம் எல்லா வாரமும் ஒற்றை வாரம்னு வெச்சுக்கோ" என்றார்.

"தார்?"

"வழிச்சுடு. பிளேடைத் தூக்காத. கீறல்ல வாக்கர் நல்லாப் பிடிக்குது."

அவள் மறுபடி எண்ணெய் டப்பாவை எடுத்தாள்.

நவம்பரில் அவள் சங்கிலியைக் கட்டினாள். பனி வரவில்லை. டிசம்பர் முழுக்க மழை. வெறும் சரளையில் சங்கிலியோடு ஓட்டினால் பாதை பெயர்ந்துவிடும் என்று கழற்றினாள். கிறிஸ்துமஸுக்கு ரன்வெய்க் வந்தாள். மூவருமாக ஆட்டு விலாவை வேகவைத்துத் தின்றார்கள். ஜன்னலில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"ஜனவரியில கொட்டும் பாரு" என்றார் தூர்மூட்.

ஜனவரியில் புல் முளைத்தது. பிப்ரவரியில் ஒருநாள் உள்ளங்கை உயரத்துக்குப் பனி விழுந்தது. ஹால்டிஸ் மேலங்கியை மாட்டி, ஆணிப்பட்டையைத் தேடி எடுத்து, முதல் சக்கரத்துக்குச் சங்கிலியை விரிப்பதற்குள் கூரையிலிருந்து சொட்ட ஆரம்பித்துவிட்டது. மதியத்துக்குள் தடமில்லை. விரித்த சங்கிலியை மறுபடி சுருட்டி மாட்டியபோது, ஏமாற்றமா நிம்மதியா என்று அவளுக்கே பிடிபடவில்லை. காலமெல்லாம் பனியைச் சபித்தவள் அவள்.

"மார்ச்சுல வரும்" என்றார் அவர்.

மார்ச்சிலும் வரவில்லை. மே மாதம் முதல் வாரத்தில் ஹால்டிஸ் டிராக்டரின் பின்னால் கலப்பையை மாட்டி, வீட்டுக்குக் கீழே இருந்த துண்டு நிலத்தில் உருளைக்கிழங்குக்குச் சால் பிடித்தாள். தூர்மூட் வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சால் கோணலாகப் போகிறது, இடப்பக்கம் ஒடி, இடப்பக்கம் என்று கையை வீசிக் கத்திக்கொண்டிருந்தார். இஞ்சின் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. கடைசி வரைக்கும் உழுது முடித்துத் திரும்பிப் பார்த்தாள். சால் கோணலாகத்தான் இருந்தது. அதிலேயே கிழங்கை நட்டாள்.